சலிப்புக் கொட்டகை

சென்னை
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சிவா,

உன் நம்பருக்கு அடித்தால் ஒரு ரிங் முழுசாகப் போகாமல் அறுந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடம் வெறுமையாகிவிட்டது. என்னை பிளாக் செய்துவிட்டாய் என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில நாள் ஆயிற்று. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கையால் கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதுவும் உனக்குத்தான், எனக்குக் கல்யாணமான புதிதில்.

பேங்கின் பதில் உனக்கு வந்திருக்கும். உன் செராமிக் கம்பெனியில் புது சூளைக்கு நீ கேட்ட கடனைத் தர இயலாது என்று எழுதி, என் அறிக்கையின் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அப்படி அனுப்புவது வழக்கமில்லை. அனுப்புவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை, நானும் விளக்கிச் சொன்னதில்லை. முன்பெல்லாம் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது சொத்து, வியாபாரம், திருப்பிக் கட்டுகிற தெம்பு, இவற்றைத்தான் பார்ப்பார்கள். இப்போது வேறு கேள்விகளும் சேர்ந்துவிட்டன. அந்தத் தொழில் மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்கிறது, வேலை செய்கிறவர்களை என்ன செய்கிறது, நிர்வாகம் நேர்மையாக நடக்கிறதா. நேரில் போய்ப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. உன் பெயர் ஃபைலில் வந்ததும், "இது என் ஊர் சார், இவங்க என் ஸ்கூல் தோழி, வேற யாரையாவது அனுப்புங்க" என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். "ரொம்ப நல்லதாப் போச்சு. உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டாங்க" என்றார்.

நீ மறைக்கவில்லை. கேட்ட கதவையெல்லாம் திறந்துவிட்டாய். பீங்கானுக்குப் பூசுகிற கிளேஸ் கரைத்த தண்ணீர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வாய்க்காலில் இறங்கி மணிமுத்தாற்றுக்குப் போகிறது. கல்லுப்பொடி சலிக்கிற கொட்டகையில் தூசி உறிஞ்ச எந்த ஏற்பாடும் இல்லை. அங்கே வேலை செய்கிற பெண்களில் பாதிப்பேரின் பெயர் சம்பள ரோலில் இல்லை. இதைத்தான் எழுதினேன். இதில் எது பொய், சிவா?

இந்தக் கேள்வியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். கேட்க எனக்குத் தகுதி இல்லை. கூட வந்த இன்ஜினியர் லாட்ஜில் தங்கினார். நான் உன் வீட்டில் தங்கினேன். பாய் கடையில் கறி எடுத்து வரச்சொல்லி எனக்காகத் தனியாகச் சமைத்தாய். உன் கட்டிலில் படுத்துப் பாதி ராத்திரி வரை சிரித்துப் பேசிவிட்டு, சென்னைக்கு வந்து அதையெல்லாம் எழுதினேன். எழுதியது சரிதான். ஆனால் கண்ணாடியைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

பதில் போடு. திட்டியாவது போடு.

சபா

•

விருத்தாசலம்
24 ஆகஸ்ட் 2024

சபா மேடத்துக்கு,

திட்டச் சொல்லியிருக்கிறாய். திட்டுவதற்கும் ஒரு உரிமை வேண்டும். அது போய்விட்டது.

நீ எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. உன்னோடு வந்த அந்த இன்ஜினியர் கக்கூஸைப் போட்டோ எடுத்தபோது பக்கத்து யூனிட்டு ஆட்கள் சுவரேறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், கூட நிற்பது நம் சபாதானே என்று. இப்போது தொழிற்பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது, சிவசங்கரிக்குப் பேங்க் இல்லையென்றுவிட்டது என்று. டீக்கடையில் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிடும்போது மட்டும், "உன் சிநேகிதிக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி போட்டிருக்கலாம்" என்றார்.

இந்த ஊரில் எந்தக் கொட்டகையில் தூசி இல்லை? குஜராத் சரக்கு வந்து இறங்குகிற விலைக்கு, நான் இன்சுலேட்டர் சுட்டு விற்பதே பெரும்பாடு. அந்த லோன் வந்திருந்தால் சூளையோடு, தூசி பறக்காதபடி கல் அரைக்கிற மில்லுக்கும் மூடி போடுவதாகத்தான் இருந்தேன். அதையும் சேர்த்துத்தான் நீ கெடுத்தாய்.

இனி நீ கவலைப்பட வேண்டாம். வேப்பூர் ரோட்டில் ஒரு பைனான்ஸ்காரரிடம் வாங்கிவிட்டோம். வீட்டுப் பத்திரத்தை மட்டும்தான் கேட்டார். ஆற்றுத் தண்ணீர் என்ன நிறம், பொம்பளைகளுக்கு இருமல் உண்டா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. வட்டியைக் கட்ட இப்போது ராத்திரியும் ஷிப்டு ஓடுகிறது.

இன்னொன்று, உன் அறிக்கையில் இருந்த வரி. "சலிப்புப் பிரிவில் நீண்டகாலமாகப் பணிபுரியும், ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண், காசநோய் மருந்து முழுவதும் உட்கொண்டும் மூச்சுத்திணறல் தீராமல் உட்கார்ந்தபடியே உறங்குவதாகத் தெரிவித்தார்." பேர் போடவில்லை என்று நினைத்துக்கொண்டாயா? என் கொட்டகையில் அப்படி ஒருத்திதான் இருக்கிறாள். பெரியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுக்கவும் இல்லை. "நாளையிலேர்ந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

உன் அறிக்கையால் அவளுக்கு ஆன நன்மை இவ்வளவுதான்.

சிவசங்கரி

•

சென்னை
5 செப்டம்பர் 2024

சிவா,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். பெரியம்மாளைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்விட்டேன். வேலையிலிருந்து அவளை நிறுத்துவாய் என்று நான் நினைக்கவே இல்லை. உன்னை அப்படி நினைக்காததும் என் தப்புதானோ என்னவோ.

நான் கம்பெனியைப் பார்க்க வந்த அன்று மதியம் நீ போனில் இருந்தாய். நான் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களோடு போய் உட்கார்ந்தேன். பெரியம்மாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ ஹிதாயத்துல்லா பாய் மவதான? உங்க வாப்பா கடையிலதான் எங்கூட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் துணி எடுத்தோம்" என்றாள். தன் டப்பாவிலிருந்து கொஞ்சம் புளிச்சோறு எடுத்து என் கையில் வைத்தாள். பேச்சு நடுவே இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. அது அடங்கும்வரை மற்றவர்கள் சாப்பிடாமல் காத்திருந்தார்கள், பழக்கப்பட்டவர்கள் மாதிரி. நான் கேட்டேன். அவள் சொன்னாள். சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதலாளியம்மாகிட்ட சொல்லிப்புடாத பாப்பா. சீக்காளின்னு தெரிஞ்சா நிப்பாட்டிடுவாங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

பேங்கிலிருந்து வந்த அதிகாரியிடம் அவள் பேசவில்லை, சிவா. ஊர்ப் பெண்ணிடம் பேசினாள். பேர் போடாவிட்டால் வாக்குத் தவறியதாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினேன். எழுதியிருக்கத்தான் வேண்டும். அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கக்கூடாது.

மேலதிகாரியிடம் மறுபடி போனேன். "நாம இல்லைன்னு சொல்லியாச்சு சார். ஆனா அந்தப் பொம்பளைங்க இன்னும் அதே தூசியிலதான் நிக்கிறாங்க. இப்ப ராத்திரி ஷிப்டும் சேர்ந்துடுச்சு" என்றேன். "நம்ம பணம் அந்தத் தூசியில இல்லல்ல? அதைப் பாத்துச் சொல்றதுதான் உங்க வேலை. அதை நல்லாவே செஞ்சீங்க" என்றார். பாராட்டுதான். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். இத்தனை வருஷமாக நான் யாருக்கு வரும் ஆபத்தை அளந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. பேங்குக்கு வரக்கூடிய ஆபத்தை. பெரியம்மாளுக்கு வந்துவிட்டதை இல்லை.

நீ மில்லுக்கு மூடி போட இருந்ததாக எழுதியிருக்கிறாய். உன் விண்ணப்பத்தில் சூளை மட்டும்தான் இருந்தது, சிவா. சண்டைக்காகச் சொல்லவில்லை. அதைத் திருத்தி எழுதினால் மறுபடி ஒரு வழி இருக்கலாம். நான் முயற்சி செய்கிறேன்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. பெரியம்மாளைப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. நெஞ்சு டாக்டரிடம், இவள் கல்லுப்பொடி சலிக்கிறவள் என்று சொல். அது காசநோய் இல்லாமலிருக்கலாம். இந்தத் தூசியால் வருகிற நோய் காசநோய் மாதிரியே இருக்குமாம்.

சபா

•

விருத்தாசலம்
10 நவம்பர் 2024

சபா,

உனக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இதைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

முதலில், விண்ணப்பம். எடுத்துப் பார்த்தேன். மில்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுத நினைத்தேன் என்று நானே நம்பிவிட்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் போனஸும் ஸ்வீட் பாக்கெட்டும் கொடுத்தோம். எப்போதும் ஆபீஸ் ரூமில் வைத்துத்தான் கொடுப்போம். இந்த வருஷம் ஆர்டர் நெருக்கடி, மெஷினை நிறுத்த வேண்டாம் என்று நானே பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ரப்பர் செருப்பு, சத்தமில்லை. வாசலுக்கு வெளியே வரும்போதே இருமல் கேட்டது. ஒருத்தி மட்டுமில்லை. ஒருத்தி முடிக்க இன்னொருத்தி, கூடவே வேறொருத்தி.

நான் உள்ளே கால் வைத்தேன். இருமல் எல்லாம் நின்றுவிட்டது.

தங்கம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிந்தது. மற்றவர்கள் சல்லடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மாளை நிறுத்திய நாளிலிருந்து இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் இப்போதுதான் கண்டேன். "என்னாச்சி தங்கம்மா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும் என்று பயம்.

பாக்கெட்டுகளை அங்கேயே ஒரு பலகைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒருத்தர் கையிலும் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை. நான் வெளியே வந்து கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில்.

என் அப்பா கம்பெனி ஆரம்பித்தபோது இதே பெண்களின் அம்மாமார்கள் வேலை செய்தார்கள். நான் ஸ்கூல் விட்டு வந்தால் மடியில் தூக்கி உட்காரவைத்துக்கொள்வார்கள். அவர்கள் பிள்ளைகள் என்னைப் பார்த்து மூச்சை அடக்குகிறார்கள்.

பெரியம்மாள் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. அவளை நிறுத்திய வாயோடு எப்படிப் போய் நிற்பது? அவள் ஊருக்குப் போகிற கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஒருநாள் ஏறிக்கூட உட்கார்ந்தேன். வண்டி கிளம்புவதற்கு முன் இறங்கிவிட்டேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை.

சிவா

•

சென்னை
2 டிசம்பர் 2024

அன்புள்ள சிவா,

உன் ஃபைலை மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அதைப் பார்க்கப்போவது நான் இல்லை.

மறுக்கிறதோடு நிறுத்தாமல், நிபந்தனை போட்டுக் கடன் கொடுத்தால்தான் கொட்டகை மாறும் என்று ஒரு குறிப்பு எழுதி மீட்டிங்கில் வைத்தேன். மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். "சபா, நீங்க அந்தம்மா வீட்டுல தங்கினீங்களா?" என்னோடு வந்த இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "தங்கினேன் சார்" என்றேன். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." யாரோ சிரித்தார்கள். அந்த வீட்டில் தங்கித்தான் உண்மையை எழுதினேன், அதனால்தான் கடன் மறுக்கப்பட்டது என்று சொல்லியிருக்கலாம்.  ஒரே சாப்பாட்டை வைத்து உன் முன்னாலும் குனிந்தேன், அவர்கள் முன்னாலும் குனிந்தேன். ஊர்க் கம்பெனிகள் எதையும் இனி நான் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

குறிப்பு மட்டும் தப்பியது. புதிதாக ஒரு அதிகாரி வருவார். அவர் பேர் பழமலை, வேறு ஊர்க்காரர், உன்னை யாரென்று தெரியாதவர். அவர் கேட்கப்போவது இது. சலிப்பிலும் மில்லிலும் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே. எல்லோர் பேரும் ரோலில். பொடியைத் தண்ணீரோடு அரைக்கிற மூடிய மில். கிளேஸ் தண்ணீருக்குத் தொட்டி. இதெல்லாம் நடக்க நடக்கத்தான் பணம் பகுதி பகுதியாக வரும்.

எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால், ரோலில் பேர் இருப்பதால் நஷ்டஈடு உன் தலையில் விழும். உன் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள் என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இந்த முறை பஸ் கிளம்புகிற வரைக்கும் உட்கார்ந்திரு, சிவா.

சபா

•

விருத்தாசலம்
26 ஜனவரி 2025

அன்புள்ள சபா,

போனேன். பொங்கல் முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை.

கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் என்னிடம் வேலை பார்த்தவளின் வீடு எனக்குத் தெரியவில்லை. மகள்தான் வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. பெரியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு அரிசி மூட்டை. பாதியாக இளைத்துவிட்டாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

நான் சொல்வதற்காக ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என் வாய்தாம்மா எல்லாத்தையும் கெடுத்துச்சு. பாப்பாவப் பாத்ததும் நம்ம ஊருப் புள்ளதானன்னு ஒளறிப்புட்டன். உங்க லோனே நின்னுபோச்சாமே. ஒங்க உப்பத் தின்னுட்டு ஒங்களுக்கே பண்ணிட்டன்."

சபா, அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். மூச்சு வாங்க வாங்க, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். இத்தனை மாதமாக அந்த மூட்டையில் சாய்ந்துகொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.  "கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

மகள் அப்போதுதான் பேசினாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதாங்க?"

மறுநாள் கார் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம், மகளும் கூட. நெஞ்சு டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வேல பாக்குறீங்கம்மா?" என்று கேட்டாள்.

"கூலி வேலங்க. வயக்காட்டுல கள எடுக்குறது" என்றாள் பெரியம்மாள்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நொடி எனக்குள் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது. டாக்டர் எழுதப் பேனாவை எடுத்தாள். மகள் என்னைப் பார்த்தாள். அவளும் உண்மையைச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

"இல்லீங்க டாக்டர். கல்லுப்பொடி சலிக்கிறாங்க. செராமிக் கம்பெனியில."

டாக்டர் நிமிர்ந்தாள். "எத்தன வருஷமா?"

எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாள்தான், "இவளுக்கு மொத பல்லு வுழறதுக்கு முன்னாலேர்ந்து" என்று மகளைக் காட்டினாள். மகளுக்கே இப்போது ஸ்கூல் போகிற பிள்ளை இருக்கிறது.

"நீங்க யாரு?"

"கம்பெனி என்னுதுங்க" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குனிந்து எழுத ஆரம்பித்தாள். சிலிக்கோசிஸ் என்று பேர் சொன்னாள். கல்தூசி நுரையீரலில் போய்த் தங்கித் தழும்பாகிவிட்டதாம். தழும்பு போகாது. மூச்சுக்கு மருந்து தரலாம், அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "முதல்லயே வேலையைச் சரியாச் சொல்லியிருந்தா காசநோய் மாத்திரையில இத்தன மாசம் வீணாகியிருக்காது" என்றாள். பெரியம்மாளிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பெரியம்மாள் கவலையோடு கேட்டாள். "ஏம்மா சொன்னீங்க? ஆஸ்பத்திரியில கம்பெனி பேரச் சொல்லாதீங்க, கேஸாயிடும்னு நீங்கதான எல்லாரையும் நிக்கவெச்சுச் சொன்னீங்க?"

சொல்லியிருக்கிறேன், சபா. சூளையில் ஒரு ஆளுக்குக் கை வெந்துபோன சமயம். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். அவள் மறக்கவில்லை. எந்த டாக்டர் கேட்டாலும் வயக்காடு என்றே சொல்லி, தப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டு, என் பேரைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளைத்தான், என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொல்லி, நான் வேலையைவிட்டு நிறுத்தினேன்.

உன்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. கோபம் இருந்தவரை வசதியாக இருந்தது.

சிவா

•

சென்னை
9 பிப்ரவரி 2025

சிவா,

மூன்று முறை படித்தேன். 

அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? நீ எழுதவில்லை. சொல்லியிருந்து நீ எழுதாமல் விட்டிருந்தால், எழுது. எனக்கு அங்கே வர வேண்டும். பேங்குக்காக இல்லை, பேங்க் என்னை அந்தப் பக்கம் போகாதே என்றுதான் சொல்லியிருக்கிறது. பெரியம்மாள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்வாயா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

சபா

•

விருத்தாசலம்
9 மார்ச் 2025

அன்புள்ள சபா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். முடிகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சலிப்புக் கொட்டகையை மூடிவிட்டேன். மில்லும் ஓடவில்லை. பெண்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து களிமண்ணை அச்சில் வார்க்கிற பக்கம் வேலைக்கு மாற்றியிருக்கிறேன். எல்லோரையும் வேன் வைத்து எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போனோம். முதலில் யாரும் ஏறவில்லை. எக்ஸ்ரேயில் ஏதாவது இருந்தால் வேலை போய்விடும் என்று பயம். நான் சொல்லி ஒருத்தரும் நம்பவில்லை. நம்பக் காரணமும் இல்லை. பெரியம்மாளின் மகள் வந்து, "எங்கம்மாவுக்கு நஷ்டஈட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, ஏறுங்க" என்று சொன்ன பிறகுதான் ஏறினார்கள். தங்கம்மாளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தழும்பு தெரிகிறது. தங்கம்மாளுக்கு இப்போதுதான் ஆரம்பம் என்கிறார்கள்.

எல்லோர் பேரும் ரோலில் ஏறிவிட்டது. பெரியம்மாள் என் கம்பெனியில் எத்தனை காலம் என்ன வேலை செய்தாள் என்று நஷ்டஈட்டு ஆபீஸுக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.  மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர், "ஒங்கப்பா இருந்திருந்தா இப்படிப் போட்டிருப்பாரா?" என்று கேட்டார். "போட்டிருக்க மாட்டாரு" என்றேன். உண்மைதானே.  பாலக்கரையில் இருந்த மனையை விற்றுப் பைனான்ஸ்காரரின் கடனைத் தீர்த்தது அவர்தான்.

பழமலை சார் வந்து போனார். நல்ல மனுஷன், ஆனால் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. உனக்கு நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கடன் வரும், நான் கேட்டதைவிடக் குறைவாக, மில்லும் தொட்டியும் முதலில். சூளை அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ. தொழிற்பேட்டைக்காரர்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுத்து பேங்க்காரர்கள் தங்கள் கேட்டையும் தட்டுவார்கள் என்று பயம்.

பெரியம்மாளுக்கு வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிறது. கரண்டு போனால் மகள் விசிறுகிறாள். வாரத்துக்கு ஒருமுறை போய்வருகிறேன். மகள் இப்போது உள்ளே வாங்க என்கிறாள். டீ இன்னும் போட்டுத் தரவில்லை.

நீ கேட்டதை நேற்றுத்தான் அவளிடம் சொன்னேன். சபா உன்னைப் பார்க்க வர வேண்டும் என்கிறாள், உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம் என்றேன். கண்ணை மூடி மூட்டையில் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். அப்போது சொன்னாள்.

"வரச் சொல்லும்மா. மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்க வேணாம்னு சொல்லு. அதுக்கெல்லாம் பதிலு சொல்ல எனக்கு மூச்சு இல்ல."

நோன்போடு ரயிலில் அலையாதே. பெருநாள் முடிந்து வா. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், அங்கிருந்து சேர்ந்தே போகலாம்.

சிவா